ஆட்டுத்தோல் தேடிப் போன ஐந்து நாள்

நாள் 1, ஹாலே

ஜெர்மனியின் ஹாலே நகரில், பெட்டியை இழுத்துக்கொண்டு வாடகை அறை இருக்கும் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஏழு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. எத்தனையாவது மாடி, என்ன கதவெண் என்று எதுவும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. "மணிப் பலகையைப் பாருங்கள்" என்று மட்டும் ஒரு செய்தி வந்திருந்தது. வாசல் சுவரில் பித்தளைத் தகடு, அதில் பன்னிரண்டு பொத்தான்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். ம்யூல்லர், ஷ்மிட், வேபர், லேமன், க்ரெட்ஷ்மார் என்று போய்க் கடைசியில் வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதி ஒட்டிய பெயர்: முருகேசன்.

முருகேசன் என் அப்பா. அவர் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. ஊரில் அவர் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்றவர். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அவரை முழுசாக ஏற்றிவிட்டார்கள். அதனால் இந்த நாட்டில் எல்லாருக்கும் நான் "ஹெர் முருகேசன்". வீட்டுக்காரம்மா அப்படிக் கூப்பிட்டபோது என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

இங்கே முகவரியில் பெரும்பாலும் தெரு, கட்டட எண், குடும்பப்பெயர், அவ்வளவுதான். தபால்காரர் மணிப் பலகையில் பெயரைத் தேடித்தான் கடிதம் போடுவார். பெயர் ஒட்டாவிட்டால் கடிதம் வந்த வழியே போய்விடும். அதனால் ஒவ்வொரு வாசலும் ஒரு சின்னப் பெயர் அகராதி. ம்யூல்லர் என்றால் மாவு அரைப்பவர், ஜெர்மனியில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர் இதுதான். ஷ்மிட் கொல்லர். வேபர் நெசவாளர். லேமன் பிரபுவிடம் மானியமாக நிலம் பெற்றவர். க்ரெட்ஷ்மார் சாராயக்கடை நடத்தியவர்.

12ஆம் நூற்றாண்டு வரைக்கும் இவர்களுக்கும் ஒற்றைப் பெயர்தான். அப்புறம் நகரங்கள் பெருத்தன. ஞானஸ்நானப் பெயர்களோ கொஞ்சம்தான். எங்கே பார்த்தாலும் யோஹான்னஸ், ஹைன்ரிஷ். பத்திரம் எழுதவும் வரி வாங்கவும் ஆளைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒரே காலத்தில் ஐந்து ரவி இருந்தார்கள். சைக்கிள்கடை ரவி, நெட்டை ரவி, குளத்தங்கரை ரவி, காரைக்கால் ரவி, கோவிந்தன் மகன் ரவி. ஜெர்மன் குடும்பப்பெயர்களை அறிஞர்கள் பிரிப்பதும் இதே ஐந்து பிரிவாகத்தான்: தொழில், பட்டப்பெயர், குடியிருந்த இடம், வந்த ஊர், தகப்பன் பெயர். ஒரே வித்தியாசம், நெட்டை ரவியின் பேரன் குட்டையாக இருந்தாலும் இங்கே அவன் நெட்டைதான். அதைத்தான் பரம்பரைப் பெயராகப் பதிவேட்டில் இறுக்கிவிட்டார்கள்.

சரி, நான் வந்த காரியம் ஒரே ஒரு பெயர். பொறையாரில் வளர்ந்தவன் நான். பக்கத்து ஊர் தரங்கம்பாடி. சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர், ஜெர்மனியிலிருந்து அங்கே வந்த பாதிரியார் சீகன்பால்க் ஐயர். ரொம்ப நாள் அது இரண்டு பெயர் என்று நினைத்திருந்தேன். எங்கள் வகுப்பில் ஒரு ஜான் பால் இருந்தான், அந்த மாதிரி இவர் சீகன் பால். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'க்' எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. போன வருடம்தான் ஒரு ஜெர்மன் அகராதியில் பிரித்துப் பார்த்தேன். ட்சீகெ என்றால் ஆடு. பால்க் என்றால் தோல். மூன்று நூற்றாண்டாக நாம் கல்லில் வெட்டி வைத்திருப்பது ஆட்டுத்தோல்.

நாள் 2, ஃபிராங்கே நிறுவனங்கள்

காலையில் டிராமில் போய் இறங்கினால் எதிரே பெரிய வெளிர்நிறக் கட்டடம். உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். 1698இல் ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அநாதைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த இடம். பார்தலோமேயுஸ் சீகன்பால்க் இந்த ஹாலேயில்தான் ஃபிராங்கேயிடம் படித்தார். டென்மார்க் அரசர் அனுப்ப, 24 வயது நிறையும் தறுவாயில், 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்.

மாடி உச்சியில் ஓர் அதிசயப் பொருட்கூடம். உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. பிள்ளைகள் எல்லாரும் அதன் கீழேதான் நிற்கிறார்கள், நானும் கொஞ்ச நேரம் நின்றேன். இங்கேயுள்ள ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அனுப்பியதும் ஹாலேயிலிருந்துதான். எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், தரங்கம்பாடியிலேயே சின்னதாக மறுபடி வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1714, 1715இல் தமிழில் அச்சாகி வந்தது.

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, இங்கிருந்து நம் பக்கம் வந்தவர்களின் குடும்பப்பெயர்களை நோட்டில் எழுதித் தமிழாக்க ஆரம்பித்தேன். பொழுது போனதே தெரியவில்லை.

ஃபிராங்கே: ஃபிராங்கன் நாட்டுக்காரர். நம் காரைக்கால் ரவி.

பெஞ்சமின் ஷுல்ட்ஸெ, சீகன்பால்க் பாதியில் விட்டுப்போன பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தவர். ஷுல்ட்ஸெ என்பது ஷுல்ட்ஹைஸ் என்ற பழைய பதவிப் பெயரின் தேய்ந்த வடிவம். பாக்கியைக் கட்டு என்று ஊராருக்கு உத்தரவு போடுகிறவர். நம் மணியக்காரரேதான்.

தஞ்சாவூரில் சரபோஜி மன்னருக்குக் காப்பாளராக இருந்த ஷ்வார்ட்ஸ் ஐயர்: அந்தச் சொல்லுக்குக் கறுப்பு என்று பொருள். முன்னோர் யாருக்கோ தலைமயிர் கறுப்பாக இருந்திருக்கும். ஊரெல்லாம் வெள்ளைக்காரர் என்று பார்த்த மனிதரின் பெயர் கருப்பையா.

சென்னை வேப்பேரியில் 1779இல் தமிழ்-ஆங்கில அகராதி அச்சிட்ட இருவர் ஃபாப்ரிசியுஸ், ப்ரைட்ஹௌப்ட். இரண்டாமவர் பெயர் அகலத்தலை, சுத்தமான பட்டப்பெயர். முதலாமவர் பெயர் கொஞ்சம் சூட்சுமம். 16ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் தங்கள் குடியானவப் பெயரை லத்தீனுக்கு மாற்றிக்கொள்வது நாகரிகமாக இருந்தது. ஷ்மிட் என்ற கொல்லர் ஃபாப்ரிசியுஸ் ஆனார், ஷ்னைடர் என்ற தையற்காரர் சார்ட்டோரியுஸ் ஆனார், வேபர் டெக்ஸ்டோர் ஆனார். கவிஞர் கோதேயின் தாய்வழிக் குடும்பமே அப்படி டெக்ஸ்டோர் ஆன நெசவாளர் குடும்பம்தான். அழகேசன் சுந்தரேசன் ஆவதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை.

சீகன்பால்க் குடும்பத்தில் யாருக்கும் அந்த ஆசை வரவில்லை. ஆட்டுத்தோலை ஆட்டுத்தோலாகவே வைத்துக்கொண்டார்கள். அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

நாள் 3, ரயிலில்

ஹாலேயிலிருந்து லைப்ட்ஸிக், அங்கே மாறி டிரெஸ்டன். லைப்ட்ஸிக்-டிரெஸ்டன் பாதை 1839இல் போட்டது, ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை. எதிர் இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. காலடியில் நீளக் காது நாய். என் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவர் ஆங்கிலமும் என் ஜெர்மனும் சமமான தரம், அதனால் யாருக்கும் கூச்சம் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: "தோல் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தோல்?"

தோல் தோல்தானே என்றேன். தலையை ஆட்டினார். அவருடைய அப்பா வேட்டைக்காரராம். வேட்டைக்காரர்களுக்குத் தனிப் பேச்சு உண்டு, அதில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் சிரிப்பார்களாம். மான் தோல் டெக்கெ, அதாவது போர்வை. காட்டுப்பன்றித் தோல் ஷ்வார்ட்டெ. நரி, முயல், மரநாய் இவற்றின் தோல் மட்டும்தான் பால்க்.

"ஏன் என்றால், மானை வயிற்றில் கீறி விரித்து உரிப்பார்கள். நரியை அப்படிக் கிடையாது." தன் இடது கை ஸ்வெட்டரைப் பிடித்தார். தோள்பட்டையிலிருந்து விரல் நுனி வரைக்கும் உள்புறம் வெளியே வரும்படி ஒரே இழுப்பாக இழுத்து, காலியான கையைத் தூக்கிக் காட்டினார். ஸ்வெட்டர் கை குழாய் மாதிரி தொங்கியது. "இதுதான் பால்க். கிழியாத தோல். பை."

நாய் எழுந்து ஸ்வெட்டர் கையை முகர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால்க் என்பது நம் துருத்தி. ஆட்டை வயிறு கீறாமல் கழுத்து வழியாக உரித்து, கால்களைக் கட்டி, காற்றடைக்கும் பையாக ஆக்கினால் கொல்லன் பட்டறைத் துருத்தி. தண்ணீர் ஊற்றினால் அதுவும் துருத்திதான். ஜெர்மனிலும் கொல்லன் துருத்திக்கு ப்ளாஸெபால்க் என்றுதான் பெயர். ப்ளாஸென் என்றால் ஊது. தேவாலய ஆர்கனுக்குக் காற்றுத் தரும் பையும் பால்க்தான். மின்சாரம் வருவதற்கு முன்னால் அதை மிதிப்பதற்கென்றே சம்பள ஆள் இருந்தார், அவரை பால்க்மிதிப்பவர் என்பார்கள். பழைய மடிப்புக் காமெராவின் முன்னால் நீண்டு சுருங்கும் கறுப்புப் பைக்கும் அதே குடும்பத்துச் சொல். ஆங்கிலத்தில் வயிற்றுக்கும் துருத்திக்கும் உள்ள சொற்கள் இதற்குப் பங்காளிகள்.

பொறையார் கடைத்தெருவின் கோடியில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்த் துருத்தி அழுத்தக் கெஞ்சுவோம். அழுத்தினால் அது முதலில் பெருமூச்சு விடும், அப்புறம்தான் கரி சிவக்கும். கைப்பிடி பட்ட இடத்தில் தோல் எண்ணெய் குடித்து வழவழவென்று இருக்கும். ஒரு பக்கம் ஆட்டின் முன்னங்கால் இருந்த இடத்தில் முடிச்சு போட்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த அம்மாவிடம் கடைசியாக, "பால்க்குக்கு வேறு அர்த்தம் ஏதாவது?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தினார். "அடங்காத பிள்ளையை பால்க் என்று திட்டுவோம். நல்ல வார்த்தை இல்லை. நீங்கள் சொல்லாதீர்கள்."

ஆக, அந்தப் பெயரை முதலில் சுமந்தவர் ஆட்டுத்தோல் விற்றவராகவோ பதனிட்டவராகவோ இருக்கலாம். ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு திரிந்தவராகவும் இருக்கலாம். பிடிவாதத்துக்கு ஊரார் வைத்த பெயராகவும் இருக்கலாம். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைத் தலைவரோடு மோதி நாலு மாதம் சிறையில் இருந்தவரைப் பார்க்கும்போது எனக்குக் கடைசிதான் பிடித்திருக்கிறது. ஆனால் பெயர் அவருக்கு வைத்ததில்லையே, அவர் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் யாருக்கோ வைத்தது.

இரவு டிரெஸ்டன். மழை. சூப் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

நாள் 4, புல்ஸ்னிட்ஸ்

டிரெஸ்டனிலிருந்து காமென்ட்ஸ் போகும் சின்ன வண்டியில் முக்கால் மணி நேரம். மேல் லௌஸிட்ஸ் வட்டாரம். மேடும் பள்ளமுமாகப் பச்சை. சீகன்பால்க் 1682இல் பிறந்தது இந்த ஊரில். அப்பா தானிய வியாபாரி. தோல் தொடர்பு எந்தத் தலைமுறையிலோ விட்டுப்போயிருக்கிறது. அந்தக் காலத்திலேயே ம்யூல்லர்களில் பலர் மாவு அரைக்கவில்லை, அது போலத்தான்.

ரயிலடியிலிருந்து நடந்து சந்தை வெளிக்கு வந்தால் முதலில் மூக்கில் ஏறுவது பட்டையும் கிராம்பும். புல்ஸ்னிட்ஸ் என்றால் ஜெர்மானியர்களுக்கு ஐயர் நினைவுக்கு வரமாட்டார், ஃபெஃபர்குகன் என்ற மசாலாக் கேக்குதான் வரும். 1558இல் இவ்வூர் ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுட உரிமை கிடைத்தது. இன்றும் சில குடும்பங்கள் பரம்பரையாகச் செய்கின்றன. ஃபெஃபர் என்றால் மிளகு. ஆனால் கேக்கில் மிளகு கிடையாது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்த மசாலா எதுவானாலும் அவர்களுக்கு மிளகுதான். பணக்கார வியாபாரிகளை மிளகு மூட்டை என்று கேலி செய்வார்கள். ஃபெஃபர் என்றே குடும்பப்பெயரும் உண்டு, முன்னோர் மளிகை மசாலா விற்றவர்.

ஒரு கடையில் நுழைந்து ஐந்து பொட்டலம் எடுத்தேன். மாவையும் தேனையும் பிசைந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடச் சும்மா ஊறப்போடுவார்களாம். வெண்ணெய் கிடையாது, பால் கிடையாது. அதனால் மாதக்கணக்கில் கெடாது. கடித்தால் முதலில் கெட்டி, அப்புறம் வாயிலேயே ஊறி இளகுகிறது. நம் அதிரச மாவைப் பக்குவம் பார்த்து எடுத்துவைப்பவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

கல்லாவில் இருந்த அம்மாவிடம், "சீகன்பால்க் பிறந்த ஊர் இதுதானே?" என்று கேட்டேன். அவர் என்னை வாழ்த்துகிற மாதிரி சிரித்தார். எந்தப் போட்டியில் ஜெயித்தீர்கள் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாளில் எழுதிக் காட்டினேன். "ஓ, ட்சீகன்பல்க்!" என்று பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு வெடிப்போடு சொன்னார். 'பா' நெடில் இல்லை, குறில். கடைசி எழுத்தை 'க' என்று எழுதினாலும் சொல் முடிவில் இறுக்கி 'க்' என்றுதான் முடிக்க வேண்டும். நாம் சொல்லும் 'சீகன்' அவர்கள் காதில் வேறு சொல்லாக விழுகிறது. அதற்கு வெற்றி பெறுவது என்று அர்த்தம். ஆட்டுத்தோலை நாம் வெற்றித்தோல் ஆக்கிவைத்திருக்கிறோம். அந்த அம்மா அதை உள்ளே போய் இன்னொருவரிடம் சொல்லிச் சிரித்தார்.

சந்தை வெளியில் ஒரு சிலை. ஐயர் இல்லை, எர்ன்ஸ்ட் ரீட்ஷெல் என்ற சிற்பி, 1804இல் இங்கே பிறந்தவர். வைமாரில் ஷில்லரின் தோளில் கோதே கை வைத்து நிற்கும் சிலையைச் செய்தவர். அவருடைய அப்பா ஒரு பாய்ட்லர், தோலில் பையும் கையுறையும் தைப்பவர். பாய்ட்லர் என்பதும் குடும்பப்பெயராக ஜெர்மனி முழுக்க இருக்கிறது. இந்த ஊரில் தோல் எங்கே என்று தேடி வந்தவனுக்கு அது பக்கத்துச் சிலையில் கிடைத்தது.

புனித நிக்கோலாய் தேவாலயத்துக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வெளியே சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். ஆட்டின் உறுப்பைப் பெயராகக் கொண்டவர்கள் ஜெர்மனியில் நிறைய. ட்சீகன்பைன் ஆட்டுக்கால், ட்சீகன்ஃபூஸ் ஆட்டுப்பாதம். ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த குட்டன்பெர்க்கின் குடும்பப்பெயர் கென்ஸ்ஃப்ளைஷ், வாத்துக்கறி. குட்டன்பெர்க் என்பது மைன்ட்ஸ் நகரில் அவர்கள் வீட்டின் பெயர்தான். மைன்ட்ஸில் அச்சு தந்தவர் வாத்துக்கறி, தரங்கம்பாடியில் அச்சு தந்தவர் ஆட்டுத்தோல். இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

நாள் 5, பௌட்சன்

ஆர்ன்ஸ்டோர்ஃபில் வண்டி மாறி பௌட்சன். ரயிலடிப் பலகையிலேயே இரண்டு பெயர்: பௌட்சன், புடிஷின். இரண்டாவது சோர்பிய மொழி. ஜெர்மானியர் கிழக்கே வருவதற்கு முன்னாலிருந்து இங்கே இருக்கும் ஸ்லாவிய மக்கள் சோர்பியர். வெண்டு என்றும் அவர்களைச் சொல்வார்கள். ஹாலே மணிப் பலகையில் பார்த்த க்ரெட்ஷ்மார், சாராயக்கடைக்கான ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் நோவாக், நோவாக்கின் ஜெர்மன் உருவான நோஆக். ஊருக்குப் புதுசாக வந்தவன் என்று அர்த்தம். புதுசாக வந்து அறுநூறு வருடம் ஆகியிருக்கலாம், பெயர் மாறாது.

சோர்பிய வழக்கத்தில் நோவாக்கின் மனைவி நோவாகோவா, மகள் நோவாகெட்ஸ். ஜெர்மன் சட்டத்தில் பெயர் என்றால் ஓர் எழுத்து மாறக்கூடாது, அதனால் பத்திரங்களில் பெண்களும் நோவாக் என்றே இருக்க வேண்டியிருந்தது. 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பெயர்ச் சட்டம் இதை அனுமதித்திருக்கிறது.

மதியம் ஷ்ப்ரே ஆற்றுப் பக்கம் நடந்தேன். கோட்டைச் சுவரோடு ஒரு பருத்த கோபுரம், பெயர் கெர்பர்பாஸ்டை. தோல் பதனிடுபவர் கொத்தளம் என்று சொல்லலாம். இப்போது அதில் இளைஞர் விடுதி நடக்கிறது. ஜன்னலில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. தோல் பதனிடுபவர்களிலும் இரண்டு வகை. மாட்டுத்தோலை ஓக் மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறவைப்பவர் சிவப்புப் பதனிடுபவர். ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் படிகாரத்தில் வெளுப்பவர் வெள்ளைப் பதனிடுபவர், வைஸ்கெர்பர். அதுவும் குடும்பப்பெயராக உண்டு. ஆட்டுத்தோல்காரர்கள் இவர்களுக்குத்தான் சரக்குக் கொடுத்திருப்பார்கள்.

நாற்றத்துக்காகவும் தண்ணீருக்காகவும் இவர்களை ஆற்றோரம் தள்ளி வைத்தார்கள். ஆனால் இவர்களுக்குச் சங்கம் இருந்தது, கொடி இருந்தது, நகரத்தில் மரியாதை இருந்தது. மரியாதை இல்லாதவர் செத்த மாட்டை எடுத்துத் தோலுரிப்பவர். அவரையும் தூக்குப்போடுபவரையும் 'மானமற்ற தொழிலார்' என்று ஒதுக்கி, பிள்ளைகளைக்கூட எந்தத் தொழிற்சங்கத்திலும் சேர்க்கவில்லை. கிழக்கு நகரங்கள் சிலவற்றில் வெண்டுகளையும் சேர்க்கவில்லை. 1731இல் பேரரசு ஒரு சட்டம் போட்டு மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தபோதும், தோலுரிப்பவரின் மகனை இன்னும் காத்திருக்கச் சொன்னது. படித்துவிட்டுக் கோபுரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ கேட்ட கதை மாதிரியே இருந்தது.

அப்போதுதான் அம்மா போன் செய்தாள்.

"சாப்டியாடா?"

"சாப்டேம்மா. அம்மா, நம்ம சீகன்பால்க் ஐயர் இருக்காரே, அவர் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஆட்டுத்தோல்."

"ஐயர் பேரா? போடா."

"நிஜமாத்தான்மா. அவங்க வம்சத்துல யாரோ தோல் வேலை செஞ்சிருக்காங்க. இல்லேன்னா வித்திருக்காங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"தோல் வேலை செஞ்சவங்கன்னு பேர்லயே தெரியுமா அந்த ஊர்ல?"

"தெரியும்மா."

"அப்ப மறைச்சு வச்சுக்க மாட்டாங்களா?"

"வாசல் மணியிலேயே எழுதி ஒட்டியிருக்காங்கம்மா. அப்பா பேரும் ஒட்டியிருக்கு."